மார்ட்டின் லூதர்: ஆறு மணி நேரம் பாவ அறிக்கை செய்த துறவி, 'போதாது' என்ற பயத்தை விட்டது எப்படி?

ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரத்து மடம் ஒன்றில் 1500-களின் தொடக்கத்தில் ஓர் இளம் துறவி இருந்தார். குருவிடம் பாவ அறிக்கை செய்ய உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். சில நாட்களில் அது ஆறு மணி நேரம்கூட நீளும். அப்படி என்ன பாவம்? கொலையா, களவா? ஒன்றும் கிடையாது. ஜெபத்தின் நடுவே மனசு வேறெங்கோ போனது, யார் மேலோ எரிச்சல் வந்தது, இந்த மாதிரி விஷயங்கள்தான். எல்லாம் சொல்லி, மன்னிப்பும் பெற்று வெளியே வந்தால், சொல்லாமல் விட்ட ஒன்று ஞாபகத்துக்கு வரும். மறுபடியும் உள்ளே போவார்.

அவர்தான் மார்ட்டின் லூதர். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் சமயச் சீர்திருத்தம், 95 கருத்துரைகள், 1517 என்று நாம் படித்துவிட்டு மறந்துபோன அதே லூதர். ஐரோப்பாவின் வரைபடத்தையே மாற்றிய அந்தப் போராட்டத்துக்குப் பின்னால், ஒரு தனிமனிதனின் ரொம்பச் சாதாரணமான, இன்றைக்கும் பலர் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு பிரச்சினை இருந்தது என்பது அந்தப் பாடத்தில் இருக்காது.

பெர்ஃபெக்‌ஷனிசம் என்று இப்போது சொல்கிறோம். வேலையை நன்றாகச் செய்ய நினைப்பது பெர்ஃபெக்‌ஷனிசம் இல்லை. ஒரு குறைகூட இல்லாமல் செய்தால்தான் எனக்கு இங்கே இடம், இல்லையென்றால் நான் ஒன்றுமே இல்லை என்ற பயம்தான் அது. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒருவருக்கு இன்றைய மருத்துவப் பெயரை ஒட்டுவது சரியாக இருக்காது. ஆனால் லூதர் தன்னைப் பற்றி நிறையவே எழுதியும் பேசியும் வைத்திருக்கிறார். அதைப் படிக்கிறவர்களுக்கு அந்தப் பயம் அடையாளம் தெரியாமல் போகாது.

சொல்லப்போனால் பழைய கத்தோலிக்க குருக்களிடம் இதற்கு ஒரு பெயர் இருந்தது. ஸ்க்ரூபுலஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கூரான சின்னக் கல் என்று அர்த்தம். செருப்புக்குள் மாட்டிக்கொண்ட கல்லை யோசித்துப் பாருங்கள். கல் சின்னதுதான், ஆனால் நடக்க விடாது.

வக்கீல் ஆகியிருக்க வேண்டியவர்

லூதர் பிறந்தது 1483 நவம்பர் 10, ஐஸ்லேபன் என்ற ஊரில். அப்பா ஹான்ஸ் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, மான்ஸ்ஃபெல்ட் பகுதியில் செம்பு சுரங்கத் தொழிலில் இறங்கி, கஷ்டப்பட்டு மேலே வந்தவர். பையன் சட்டம் படிக்க வேண்டும், நல்ல இடத்தில் கல்யாணம் பண்ண வேண்டும், குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. தமிழ் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் கண்டிப்பு அதிகம். ஒரு கொட்டையை எடுத்ததற்காக அம்மா ரத்தம் வரும்வரை அடித்ததையும், சொல்லிக்கொடுக்காத இலக்கணத்தை ஒப்பிக்கத் தெரியாததற்காகப் பள்ளியில் ஒரே காலையில் பதினைந்து அடி வாங்கியதையும் லூதர் வயதான பிறகும் மறக்காமல் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். அவர் பயத்துக்கெல்லாம் அப்பாதான் காரணம் என்று முடிவு கட்டுவது சுலபம். மனோதத்துவ அறிஞர் எரிக் எரிக்சன் 1958-இல் இளம் லூதரைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி, ஏறக்குறைய அந்தத் திசையில்தான் போனார். அது பாதி உண்மையாக இருக்கலாம். மீதிப் பாதி அந்தக் காலத்துச் சமயக் கல்வியில் இருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் 1505-இல் முதுகலைத் தேர்வில் பதினேழு பேரில் இரண்டாவதாக வந்தார். சட்டப் படிப்பும் ஆரம்பித்தாச்சு. அதே வருஷம் ஜூலை 2, வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஸ்டாட்டர்ன்ஹைம் கிராமத்துக்குப் பக்கத்தில் பெரிய இடிமழை. பக்கத்தில் மின்னல் விழ, உயிர் பயத்தில் புனித அன்னாளைக் கூப்பிட்டு, பிழைத்தால் துறவி ஆகிறேன் என்று நேர்ந்துகொண்டார். பதினைந்தே நாள். ஜூலை 17 அன்று அகுஸ்தீனார் சபை மடத்தின் கதவைத் தட்டிவிட்டார். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

1507 மே 2, குருவாகி அவர் நிறைவேற்றிய முதல் திருப்பலி. அப்பா இருபது குதிரைக்காரர்களோடு வந்து, மடத்துக்கு இருபது கில்டர் காணிக்கையும் கொடுத்தார். பார்ப்பதற்குச் சமாதானம் ஆனது போலத்தான் இருந்தது. ஆனால் பீடத்தில் நின்ற லூதருக்கு, இந்த வாயால் கடவுளிடம் நேராகப் பேசுகிறோமே என்று நினைத்ததும் உடம்பு நடுங்கிவிட்டது. ஓடிவிடலாமா என்றிருந்தது. எப்படியோ முடித்துவிட்டு விருந்துக்கு வந்து உட்கார்ந்தால், அப்பா போட்டார் ஒரு போடு. அந்த மின்னல் சாத்தானின் வேலையாக இருந்தால் என்ன பண்ணுவாய், அப்பா அம்மாவை மதிக்கச் சொல்லும் கட்டளையை நீ படிக்கவில்லையா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி மகனை வருஷக்கணக்கில் விடவில்லை.

சிக்கல் எங்கே இருந்தது?

இங்கேதான் அந்தக் காலத்து இறையியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எர்ஃபர்ட்டில் லூதர் படித்தது கேப்ரியேல் பீல் என்பவரின் வழி. அதன் சாரம்: உன்னால் முடிந்ததை நீ முழுசாகச் செய், கடவுள் தன் கிருபையைத் தராமல் இருக்க மாட்டார்.

கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. யாரும் உன்னால் முடியாததைக் கேட்கவில்லையே? முடிந்ததைத்தானே கேட்கிறார்கள்? சராசரி மனிதர் இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். ஆனால் லூதர் மாதிரி ஆளிடம் இதைச் சொன்னால் அவர் கேட்கும் அடுத்த கேள்வி, என்னால் முடிந்த அளவு எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான். நான்கு மணி நேரம் ஜெபித்தால், ஐந்து முடிந்திருக்காதா? ஒரு நாள் பட்டினி கிடந்தால், இரண்டு நாள் கிடந்திருக்க முடியாதா? முடிந்ததைச் செய் என்ற வார்த்தைக்கு மேல் எல்லை கிடையாது. ஆபீஸில் மேனேஜர் உன் பெஸ்ட்டைக் கொடு என்று சொல்லும்போது சிலருக்கு ஊக்கம் வரும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். இரண்டாவது வகை லூதர்.

பாவ அறிக்கையிலும் இதே கதை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது தன் பாவங்களை எல்லாம் குருவிடம் சொல்ல வேண்டும் என்பது 1215-ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கம் போட்ட விதி. லூதருக்கு வந்த சந்தேகம்: ஞாபகம் இருப்பதைத்தானே சொல்ல முடியும், மறந்துபோனதை என்ன செய்வது? பாவம் என்றே தெரியாமல் செய்ததை? சரி, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லியாச்சு என்றால், அப்படிச் சொல்லிவிட்டோம் என்று ஒரு பெருமிதம் வருகிறதே, அது பாவம் இல்லையா? பாவத்துக்காக வருந்துவது கடவுள் மேல் இருக்கிற அன்பாலா, நரகத்து மேல் இருக்கிற பயத்தாலா? பயத்தால் என்றால் அந்த வருத்தமே சுயநலம் ஆச்சே!

ஒரு முடிச்சை அவிழ்த்தால் இரண்டு முடிச்சு. குளிரில் போர்வை இல்லாமல் கிடந்தார், பட்டினி கிடந்தார். பின்னாளில் தன் வயிற்றுக் கோளாறுகளுக்கு இந்த மடத்து வாழ்க்கையையும் காரணமாகச் சொன்னார். 1510-11 குளிர்காலத்தில் சபை வேலையாக ரோமுக்குப் போனபோது, லாத்தரன் பக்கத்தில் உள்ள புனிதப் படிகளில், மொத்தம் 28 படி, முழங்காலிலேயே ஏறி ஒவ்வொரு படியிலும் ஒரு ஜெபம் சொன்னார், இறந்துபோன தாத்தாவின் ஆன்மாவுக்காக. மேலே போய் நின்றதும் அவருக்கு வந்த நினைப்பு: இதெல்லாம் உண்மைதானா, யாருக்குத் தெரியும்?

ஸ்டாபிட்ஸ் என்ற நல்ல மனுஷர்

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒருவர் யோஹான் ஃபான் ஸ்டாபிட்ஸ். சபையின் மேலதிகாரி, லூதரின் பாவ அறிக்கைகளைக் கேட்டவர். ஒரு கட்டத்தில் அவருக்கே பொறுமை போய்விட்டது. மன்னிக்கிற அளவுக்கு ஏதாவது உருப்படியான பாவம் செய்துவிட்டு வா, சும்மா தூசி தும்பையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வராதே என்கிற ரீதியில் கடிந்துகொண்டார். கடவுள் உன் மேல் கோபமாக இல்லை, நீதான் கடவுள் மேல் கோபமாக இருக்கிறாய் என்பதையும் புரியவைக்கப் பார்த்தார்.

அதைவிட முக்கியமாக இரண்டு காரியம் செய்தார். ஒன்று, உன்னையே பார்த்துக்கொண்டிருக்காதே, சிலுவையில் காயப்பட்ட கிறிஸ்துவைப் பார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டாவது, விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் தான் வகித்த வேதாகமப் பேராசிரியர் பொறுப்பை லூதர் தலையில் கட்டினார். நான் செத்தே போய்விடுவேன் என்று லூதர் மறுத்துப் பார்த்தார். நடக்கவில்லை. 1512 அக்டோபரில் இறையியல் டாக்டர் பட்டம். பயந்துபோய்க் கிடக்கிற ஒருவரிடம், போய் நாலு பேருக்குப் பாடம் எடு என்று சொல்வது விபரீதமான வைத்தியம் மாதிரித் தெரியும். ஆனால் தன் மனசுக்குள்ளேயே குடைந்துகொண்டிருந்த ஆளுக்கு, தன்னைத் தாண்டி வெளியே படிக்க ஒரு புத்தகம் கிடைத்தது.

ஸ்டாபிட்ஸ் கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்து 1524-இல் இறந்தார். எல்லாமே ஸ்டாபிட்ஸிடமிருந்துதான் வந்தது என்று லூதர் பிற்காலத்தில் நன்றியோடு சொன்னதுண்டு. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைக்கு இந்த நோய் தெரியாது, லூதர்தான் கண்டுபிடித்தார் என்பது சரியல்ல. லூதரின் காலத்திலேயே வாழ்ந்த இயேசு சபை நிறுவனர் இக்னேஷியஸ் லொயோலாவுக்கும், 1522-இல் மன்ரேசாவில் இதே கல் செருப்புக்குள் புகுந்தது. பழைய பாவங்களைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டுக்கொண்டே இருந்தார். தற்கொலை எண்ணம்கூட வந்தது. அவர் வேறு பாதையில், அதே திருச்சபைக்குள் இருந்தபடியே வெளியே வந்தார்.

ஒரு வேற்றுமை உருபில் மாறிய வாழ்க்கை

1513-இலிருந்து சங்கீதங்கள், 1515-16-இல் ரோமர் நிருபம், அடுத்து கலாத்தியர் நிருபம் என்று பாடம் நடத்தினார் லூதர். ரோமர் முதல் அதிகாரம் 17-ஆம் வசனத்தில் வந்து முட்டிக்கொண்டார். நற்செய்தியில் கடவுளின் நீதி வெளிப்படுகிறது என்று அங்கே பவுல் எழுதுகிறார். இதில் என்ன நல்ல செய்தி இருக்கிறது என்பது லூதரின் கேள்வி. கடவுளின் நீதி என்றால், கடவுள் நீதிபதியாக உட்கார்ந்து பாவிகளைத் தண்டிப்பது என்றுதான் அவருக்குச் சொல்லித் தரப்பட்டிருந்தது. பழைய ஏற்பாட்டுக் கட்டளைகளை வைத்து மிரட்டியது போதாதென்று, நற்செய்தியை வைத்தும் மிரட்டுகிறாரா? அந்த வார்த்தையையே வெறுத்ததாக, கடவுள் மேல் உள்ளுக்குள் கொதித்ததாக, 1545-இல் தன் லத்தீன் நூல் தொகுப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

ராத்திரி பகலாக யோசித்தவருக்கு, அந்த வசனத்தின் அடுத்த பாதியில் விடை கிடைத்தது. ஆபகூக் தீர்க்கதரிசியிடமிருந்து பவுல் எடுத்தாளும் பகுதி அது: நீதிமான் வாழ்வது விசுவாசத்தால். அப்படியானால் இங்கே சொல்லப்படும் நீதி, கடவுள் கையில் தராசு மாதிரிப் பிடித்திருக்கிற நீதி இல்லை. மனிதனுக்கு அவர் இலவசமாகக் கொடுக்கிற நீதி.

தமிழில் இதை விளக்குவது சுலபம். அப்பாவின் பணம் என்கிறோம். அது அப்பாவிடம் இருக்கிற பணமாகவும் இருக்கலாம், ஹாஸ்டலில் இருக்கிற மகளுக்கு அப்பா அனுப்பிய பணமாகவும் இருக்கலாம். 'இன்' என்ற உருபு ஒன்றுதான், அர்த்தம் இரண்டு. லூதர் இத்தனை வருஷமும் முதல் அர்த்தத்தில் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது அர்த்தத்தில் படித்ததும், சொர்க்கத்தின் கதவு திறந்து உள்ளே போனது போல் இருந்ததாம். உடனே மனப்பாடமாகத் தெரிந்த வசனங்களையெல்லாம் ஓட்டிப் பார்த்தார். கடவுளின் பலம், அவர் நமக்குத் தரும் பலம். கடவுளின் ஞானம், அவர் நமக்குத் தரும் ஞானம். எல்லா இடத்திலும் பொருந்தியது.

இது நடந்தது எந்த வருஷம்? 1514 முதல் 1519 வரை ஆளுக்கொரு தேதி சொல்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒரே ராத்திரியில் நடந்ததா, வருஷக்கணக்கில் கனிந்ததா என்பதிலும் சண்டை. கனிந்தது என்பதுதான் நம்பும்படி இருக்கிறது.

தேர்வு எழுதி, மார்க் வாங்கி, அதற்குப் பிறகு அட்மிஷன் என்பதுதான் லூதர் அதுவரை அறிந்த வரிசை. இப்போது அட்மிஷன் முதலில் வந்துவிட்டது. படிப்பு அதற்குப் பிறகு. 1520-இல் நற்செயல்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு அழகான ஓர் உதாரணம் சொல்கிறார். அன்பில் சந்தேகம் இல்லாத கணவன் மனைவிக்கு, என்ன செய்ய வேண்டும் என்று யாரும் பட்டியல் போட்டுத் தர வேண்டியதில்லை. சின்ன வேலை, பெரிய வேலை என்ற கணக்கும் இல்லை. அன்பிலேயே சந்தேகம் வந்துவிட்ட இடத்தில்தான், எதைச் செய்தால் பிடிக்கும், எவ்வளவு செய்தால் போதும் என்று மனசு அல்லாடும்.

புத்திக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை

இதோடு லூதர் நிம்மதியாகிவிட்டார் என்று எழுதிவிடலாம். ஆனால் நடந்தது அதுவல்ல, அதற்கடுத்து வருவதுதான் இந்த வாழ்க்கையிலேயே உண்மையான பகுதி.

துறவிகள் தினமும் ஏழு வேளை குறிப்பிட்ட ஜெபங்களைச் சொல்லியாக வேண்டும். 1516 அளவில் லூதர் பதினோரு மடங்களுக்கு மேற்பார்வையாளர், பேராசிரியர், ஊர்ப் பிரசங்கியார். இதெல்லாம் போதாதென்று லைட்ஸ்கவ் என்ற ஊரில் சபைக்குச் சொந்தமான மீன்குளத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு எழுத்தர் இருந்தாலும் போதாது என்று நண்பருக்கு எழுதிப் புலம்பியிருக்கிறார். ஜெப வேளைகள் தவறின. என்ன செய்தார்? வாரம் முழுக்க விட்டதைச் சேர்த்துவைத்து, சனிக்கிழமை அறையைப் பூட்டிக்கொண்டு சொல்லித் தீர்த்தார். அது இரண்டு வாரம், மூன்று வாரம் என்று சேர்ந்தபோது, மூன்று நாள்வரை சாப்பாடு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்தார். தலை வெடித்தது, ஐந்து ராத்திரி தூக்கமில்லை, சாகிற நிலைமைக்குப் போனார்.

கவனிக்க வேண்டியது, ரோமர் நிருபத்துக்குப் பாடம் நடத்தி முடித்த பிறகும் இது தொடர்ந்திருக்கிறது. கிருபை இலவசம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர், அறைக்கு வந்து பாக்கி ஜெபத்தை எண்ணிக்கொண்டிருந்தார். 1520 வாக்கில், பாக்கி மூன்று மாதத்துக்குச் சேர்ந்த பிறகுதான் கைவிட்டார். அதுவும் கொள்கை முடிவாக இல்லை. முடியவில்லை, அவ்வளவுதான். அந்தச் சித்திரவதையிலிருந்து கடவுள் தன்னை வலுக்கட்டாயமாக இழுத்து வெளியே போட்டார் என்பதாகத்தான் அவர் பின்னாளில் இதைச் சொன்னார்.

நடுவில் நடந்த பெரிய சம்பவங்கள் எல்லாருக்கும் தெரியும். காசு கொடுத்தால் பாவத் தண்டனை குறையும் என்று யோஹான் டெட்செல் விற்றுக்கொண்டிருந்த பாவமன்னிப்புச் சீட்டுகளை எதிர்த்து 1517 அக்டோபர் 31-இல் 95 கருத்துரைகள். அவற்றில் முதலாவது, மனந்திரும்புதல் என்பது முழு வாழ்க்கைக்கும் உரியது என்கிறது. கொஞ்சம் யோசித்தால், பட்டியல் போட்டுப் பாவங்களைத் தீர்த்துக்கட்டப் பார்த்த அந்தப் பழைய துறவிக்கும் அதில் பதில் இருக்கிறது. முழு வாழ்க்கைக்கும் உரியது என்றால் பட்டியல் என்றைக்குமே முடியாது, முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1521 ஜனவரியில் போப் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் நின்று, எழுதியதை வாபஸ் வாங்க மறுத்தார். பிறகு வார்ட்பர்க் கோட்டையில் தலைமறைவு.

நண்பர் ஒருவருக்கும் அதே நோய்

லூதருக்குப் பதினான்கு வயது இளையவர் பிலிப் மெலான்க்தன். கிரேக்க மேதை. எழுதியதைத் திருத்திக்கொண்டே இருப்பவர், எல்லாவற்றுக்கும் கவலைப்படுபவர். வார்ட்பர்க்கிலிருந்து 1521 ஆகஸ்ட் 1 அன்று லூதர் அவருக்கு எழுதிய கடிதம் இன்றுவரை சர்ச்சைக்குரியது. பாவியாக இருந்தால் தைரியமாகப் பாவியாக இரு, ஆனால் அதைவிடத் தைரியமாகக் கிறிஸ்துவை நம்பு என்பது அதன் கருத்து. இஷ்டத்துக்குப் பாவம் செய்யச் சொல்கிறார் என்று எதிராளிகள் பிடித்துக்கொண்டார்கள். கடிதம் போனது யாருக்கு என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். துன்மார்க்கனுக்கு எழுதியது அல்ல. இல்லாத பாவத்தையெல்லாம் தேடித் தேடிப் பயப்படுகிறவருக்கு எழுதியது. கற்பனைப் பாவிகளைக் கிறிஸ்து காப்பாற்றுவதில்லை, நிஜப் பாவிகளைத்தான் என்பதும் அந்தக் கடிதத்தில் உண்டு. ஸ்டாபிட்ஸ் தனக்குக் கொடுத்த மருந்தை லூதர் அடுத்தவருக்குக் கொடுத்தார்.

1530-இல், தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த ஹிரோனிமஸ் வெல்லர் இதே மாதிரி மனச்சோர்வில் விழுந்தபோது கொடுத்த மருந்து இன்னும் காரம். தனியாக இருக்காதே, ஆட்களோடு சேர், விளையாடு, கேலி பேசு, கொஞ்சம் கூடவே குடி, சாத்தானை வெறுப்பேற்றுவதற்காகவாவது ஒரு சின்னத் தப்பு பண்ணு! ஒரு பாதிரியார் எழுதும் ஆலோசனையா இது? ஆனால் குறை இருந்துவிடுமோ என்று பயப்படுகிறவரை வேண்டுமென்றே ஒரு சின்னக் குறையோடு இருந்து பார்க்கச் சொல்வது, இன்றைய மனநல சிகிச்சை முறைகள் சிலவற்றிலும் இருக்கிறது. குடிக்கச் சொன்னதை மட்டும் விட்டுவிடலாம்.

தரத்தை விட்டுவிட்டாரா?

பெர்ஃபெக்‌ஷனிஸ்டுகளின் பெரிய பயம், இதை விட்டால் வேலை கெட்டுவிடும் என்பது. லூதரின் பைபிள் மொழிபெயர்ப்பு அதற்கு நல்ல பதில். வார்ட்பர்க்கில் இருந்தபோது புதிய ஏற்பாடு முழுவதையும் கிரேக்கத்திலிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுவர அவர் எடுத்துக்கொண்டது சுமார் பதினோரு வாரம். 1522 செப்டம்பரில் அச்சாகி வந்தது. மூன்றே மாதத்தில், டிசம்பரில், திருத்திய பதிப்பு. குறையோடு வெளியே விட்டார், அப்புறம் திருத்தினார். சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார்.

பழைய ஏற்பாட்டையும் சேர்த்து முழு பைபிள் 1534-இல் வந்தது. யோபு புத்தகத்தில் நாலு நாள் உட்கார்ந்தும் மூன்று வரி நகராத நேரங்கள் உண்டு. ஒரு சொல்லுக்காக மூன்று நாலு வாரம் தேடியதும் உண்டு. பலி மிருகங்களின் உள்ளுறுப்புகளுக்குச் சாதாரண ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் தெரிய வேண்டும் என்று, கசாப்புக்காரரை ஆடு வெட்டச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மெலான்க்தன் உள்ளிட்ட ஒரு குழுவைக் கூட்டிவைத்து வரிவரியாகச் சரிபார்த்தார். பாவ அறிக்கையில் காட்டிய அதே உன்னிப்புதான். ஆனால் இப்போது அது தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக இல்லை, சந்தையில் நிற்கிற அம்மாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. தாய்மொழியில் வேதம் என்ற அந்தப் பிடிவாதம் வழிவழியாக வந்து, 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு மூலம் 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாவதுவரை வந்து சேர்ந்தது.

வீட்டு வாழ்க்கையும் மாறியது. 1525 ஜூன் 13 அன்று, முன்னாள் கன்னியாஸ்திரி கத்தரீனா ஃபான் போராவைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கு முன் ஒரு வருஷமாகத் தன் படுக்கையை யாரும் தட்டிப் போட்டதில்லை, வேர்வையில் வைக்கோல் மக்கிப்போய் இருந்தது, அசதியில் அப்படியே விழுந்து தூங்குவேன் என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆறு பிள்ளைகள், மாணவர்கள், விருந்தாளிகள், லூட் வாத்தியம், ஒரு நாய். சாப்பாட்டு மேஜையில் இறைச்சித் துண்டை அந்த நாய் பார்க்கிற மாதிரி தனக்கு ஜெபத்தில் கவனம் நிற்க மாட்டேன் என்கிறதே என்றாராம். ஜெபத்தில் மனசு அலைந்ததற்காக ஒரு காலத்தில் மணிக்கணக்கில் அழுத மனுஷர்தான் இவர்.

முழுசாகக் குணமாகிவிட்டாரா?

இல்லை. 1527 ஜூலையில் திடீரென்று மயங்கி விழுந்து, சாகப் போகிறோம் என்று நினைத்தார். அதைத் தொடர்ந்து பல மாதம் கடும் மன இருட்டு. அதே சமயம் விட்டன்பெர்க்கில் பிளேக். பலர் ஊரைவிட்டுப் போனபோது இவர் தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். ராத்திரி வரும் அந்தக் குற்ற உணர்ச்சியும் பயமும் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. சாத்தானோடு வாக்குவாதம் என்று அதைச் சொல்வார். மாறியது, அது வரும்போது அவர் செய்கிற காரியம். முன்பு தன் செயல்களின் கணக்குப் புத்தகத்தைத் திறப்பார். இப்போது தான் ஞானஸ்நானம் பெற்றவன் என்பதைத் தனக்கே சொல்லிக்கொள்வார், ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்வார், பாடுவார், மனைவியை எழுப்பிப் பேசுவார். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்து, இப்படிப்பட்ட ராத்திரிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டியது.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தனக்கும் தன் நண்பர்களுக்கும் இத்தனை இரக்கத்தைக் கண்டுபிடித்த லூதர், எல்லாருக்கும் அதைக் கொடுக்கவில்லை. 1525-இல் கிளர்ச்சி செய்த விவசாயிகளை ஈவிரக்கமில்லாமல் அடக்கச் சொல்லி எழுதினார். 1543-இல் யூதர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் கொடூரமானது. அவர்களின் தொழுகைக் கூடங்களை எரிக்கச் சொன்னது. நாஜிகள் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லூத்தரன் சபைகளே அந்த எழுத்தை வெளிப்படையாக நிராகரித்தன. முதுமையின் எரிச்சல், உடல்நோய் என்றெல்லாம் காரணம் சொல்வதுண்டு. அது போதுமான காரணம் இல்லை.

கிருபை பற்றிய அந்தப் பழைய சண்டையில் ஒரு பெரிய பகுதி, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டுப் பிரகடனத்தோடு ஓய்ந்தது. கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் ஆச்சு.

1546 ஜனவரியில், மான்ஸ்ஃபெல்ட் பிரபுக்களின் குடும்பத் தகராறைத் தீர்க்க, உடம்பு முடியாத நிலையில் பிறந்த ஊரான ஐஸ்லேபனுக்குப் போனார் லூதர். சமரசம் ஏறக்குறைய முடிந்த நேரத்தில், பிப்ரவரி 18 அதிகாலை, அங்கேயே இறந்தார். வயது 62. இரண்டு நாளுக்கு முன் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. ஐந்து வருஷம் ஆடு மேய்க்காமல் வெர்ஜிலின் ஆயர் பாடல்களையும், ஐந்து வருஷம் உழாமல் அவருடைய விவசாயப் பாடல்களையும், இருபது வருஷம் அரசாங்க வேலை பார்க்காமல் சிசரோவின் கடிதங்களையும் ஒருவரால் புரிந்துகொள்ள முடியாது, வேதத்தைப் புரிந்துகொள்ளவோ தீர்க்கதரிசிகளோடு நூறு வருஷம் திருச்சபையை நடத்தியிருக்க வேண்டும் என்று அதில் லத்தீனில் எழுதியிருந்தார். கடைசி வரியில் மட்டும் தாய்மொழிக்கு மாறி, நாமெல்லாம் பிச்சைக்காரர்கள்தான் என்று ஜெர்மனில் எழுதி, அது உண்மை என்று லத்தீனில் முடித்திருந்தார்.